இலைக் கணக்கு நோட்டும் புத்தக மார்க்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் இருபத்தாறு வருடம் கணக்கு எழுதினேன். வருடக் கடைசியில் மிச்சமாகும் இலைப் பதிவு நோட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, படித்த புத்தகங்களுக்கு அதில் மார்க் போட ஆரம்பித்தேன். 1994-இல் தொடங்கியது, இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது. புத்தகம் இரவல் கேட்டு வருகிறவர்கள் முதலில் அந்த நோட்டைத்தான் புரட்டுகிறார்கள். அப்புறம் சண்டைக்கு வருகிறார்கள். திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

மார்க் எப்படிப் போடுகிறீர்கள்?

பத்துக்கு. அரை மார்க் உண்டு, கால் மார்க் கிடையாது.

ஒரு புத்தகத்துக்கு மூன்று தடவை போடுவேன். பாதி படித்ததும் பென்சிலில் ஒன்று. முடித்த அன்று நீலப் பேனாவில் ஒன்று. ஒரு மாதம் கழித்து, புத்தகத்தைத் திறக்காமல், மனதில் என்ன மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துச் சிவப்பில் ஒன்று. சிவப்புதான் கணக்கில் சேரும். நீலத்தில் எட்டு வாங்கிச் சிவப்பில் நாலுக்கு இறங்கிய புத்தகங்கள் நிறைய. எதிர்ப்பக்கம் ஏறியவை குறைவு, ஆனால் அவைதான் அலமாரியில் மேல் தட்டில் இருக்கின்றன.

"த.க." என்று சில வரிகளில் எழுதியிருக்கிறீர்களே, அது என்ன?

தண்ணீர் கழிவு. மழைநாளில் பறித்த இலை ஃபாக்டரிக்கு வரும்போது மூட்டையில் பாதி தண்ணீர் இருக்கும். அப்படியே எடை போட்டால் தண்ணீருக்கும் காசு கொடுத்ததாகிவிடும். அதனால் மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி இலையை அமுக்கிப் பார்த்து, இத்தனை சதவீதம் என்று எடையில் கழிப்பார்கள். எந்த விவசாயியும் அந்தக் கழிவைச் சண்டை போடாமல் ஒப்புக்கொண்டதில்லை.

புத்தகத்திலும் நான் அதைத்தான் செய்கிறேன். நானூறு பக்க நாவலில் நூறு பக்கம் தண்ணீர் என்று கைக்குப் பட்டால் ஒரு மார்க் கழிவு. தண்ணீர் என்றால் நீளம் என்று அர்த்தமில்லை. நீளமாக இருந்தும் ஒரு சொட்டு ஈரம் இல்லாத புத்தகங்கள் உண்டு, எண்பது பக்கத்திலேயே பிழிந்தால் ஊற்றுகிறவையும் உண்டு.

அஞ்சு மார்க் என்றால் ஃபெயிலா அக்கா?

இல்லை. அஞ்சு என்றால் படித்தேன், நேரம் வீணாகவில்லை, இன்னொரு தடவை எடுக்க மாட்டேன். மூன்றுக்குக் கீழே போட்டவற்றை நான் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை, அதனால் அவற்றின் பெயரை இங்கே கேட்காதீர்கள்.

பொன்னியின் செல்வனுக்கு ஏழரைதானா? மனசாட்சி இருக்கிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. ஒரு பெரியவர் இரவல் வாங்கிய வேறு புத்தகத்தைக் கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பள்ளியில் படிக்கும்போது நான் அதைப் படித்திருக்கிறேன். அப்போது நோட்டு இல்லை. இருந்திருந்தால் பத்துக்குப் பன்னிரண்டு போட்டிருப்பேன். ஆடிப் பெருக்கன்று வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற அந்தத் தொடக்கத்துக்காகவே ஒரு தடவை வீராணத்தைப் போய்ப் பார்த்தேன். பிறகு முப்பதுகளில் ஒரு முறை, போன வருடம் ஒரு முறை. பாகம் பாகமாகப் போட்ட மார்க் இது: புதுவெள்ளம் 9, சுழற்காற்று 8½, கொலைவாள் 7, மணிமகுடம் 7, தியாக சிகரம் 6. சராசரி ஏழரை.

1950 முதல் 1954 வரை வாராவாரம் பத்திரிகையில் வந்த தொடர் அது. வாராவாரம் கொஞ்சம் படித்துவிட்டு அடுத்த இதழுக்குக் காத்திருந்தவர்களுக்கு, போன வாரம் என்ன நடந்தது என்று ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்திடம் சொல்வது தேவையாக இருந்திருக்கும். ஐந்து பாகத்தையும் சேர்த்து வைத்துப் படிக்கிற எனக்கு அது ஈர இலை. கழிவு போடத்தான் வேண்டும். ஆனால் பூங்குழலி ஓடம் தள்ளிக்கொண்டு வரும் பக்கங்களில் ஒரு சொட்டுக்கூடக் கழிக்கவில்லை.

பத்துக்குப் பத்து யாருக்காவது கொடுத்தீர்களா?

நாவல் எதற்கும் இல்லை. ஒரு சிறுகதைக்குக் கொடுத்தேன். கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. தீபாவளி வருகிறது, ஒரு ஏழை வீடு, அந்த வீட்டுக்குள் அவர்களையும்விட ஏழையான அநாதைச் சிறுவன் ஒருவன் வந்து சேர்கிறான். கதை அவ்வளவுதான். எங்கள் வரிசை வீடுகளில் தீபாவளிக்குத் துணி எடுத்த விதம் தெரிந்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டாம். மூன்று மார்க்கும், பென்சில், நீலம், சிவப்பு, பத்துதான்.

நாவலில் மேலே இருப்பது அசோகமித்திரனின் 'தண்ணீர்', ஒன்பதரை. தலைப்பில் மட்டும்தான் தண்ணீர், உள்ளே கழிவு பூஜ்யம். சென்னையில் குடிநீர் வறண்ட காலம், ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள், ஒரு டீச்சர். பங்குனி சித்திரையில் எங்கள் தெருக்குழாயில் குடம் வரிசை கட்டும்போதெல்லாம் ஜமுனா நினைவுக்கு வருகிறாள். அவருடைய '18வது அட்சக்கோடு' ஒன்பது. 1948-இல் ஹைதராபாத் இந்தியாவோடு சேர்ந்த காலத்தைக் கிரிக்கெட் ஆடும் ஒரு பையன் வழியாகச் சொல்கிற நாவல். அதன் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு இரவு வெகுநேரம் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஏன் அரை மார்க் குறைவு என்று கேட்டால், தெருக்குழாய் அதில் இல்லை. வேறு காரணம் இல்லை.

துப்பறியும் கதைகளுக்கு எதிரே "டஸ்ட்" என்று எழுதியிருக்கிறீர்கள். கேவலமாகச் சொல்கிறீர்களா?

தேயிலை தெரியாதவர்கள் கேட்கும் கேள்வி இது. டஸ்ட் என்றால் குப்பை இல்லை. ஃபாக்டரியில் சலித்துத் தரம் பிரிக்கும்போது கிடைக்கிற மிகச் சிறிய துகள். தமிழ்நாட்டு டீக்கடை பாய்லர் பக்கத்தில் இருக்கும் டப்பாவைத் திறந்து பாருங்கள், அதுதான் இருக்கும். சீக்கிரம் சாயம் இறங்கும், கடுப்பாக இருக்கும், குடித்தால் வேலை ஓடும். சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ' நல்ல டஸ்ட். நாட்டுப்பாடல் சேகரிக்கக் கிராமத்துக்கு வருகிற கல்யாணராமன், ஒரு பழைய ஜமீன் வீடு, கொலை. ஒரே மூச்சில் முடித்தேன். மார்க் எட்டு, சிவப்பிலும் எட்டே.

நம் மலையைப் பற்றிய நாவல் ஏதாவது சொல்லுங்கள்.

ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்', 1963-இல் வெளிவந்தது. மார்க் எட்டு. கணவருக்குக் குந்தா மின்திட்டப் பகுதியில் வேலை, அந்தக் காலத்தில் படுகர் ஊர்களில் பழகி எழுதினார். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியை வைத்துத்தான் நாவலில் காலம் நகர்கிறது. சாமையும் ராகியும் விளைந்த நிலத்தில் தேயிலை ஏறுவதும், அதோடு ஹட்டிக்குள், அதாவது படுகர் ஊருக்குள், பணம் வருவதும், அண்ணன் தம்பிக்குள் பேச்சு மாறுவதும் மெதுவாக நடக்கும். தேயிலைப் பணத்தில் சம்பளம் வாங்கியவள் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

என் பக்கத்து வீட்டுப் படுகர் அம்மா அதைப் படித்துவிட்டு, "எங்க வீட்டுப் பேச்சு இது இல்ல, ஆனா எங்க வீட்டு வழக்கம் இதுதான்" என்றார். பாத்திரங்கள் சுத்தமான புத்தகத் தமிழ் பேசுகிறார்கள் என்பது உண்மை. அதற்குத்தான் அரை மார்க் குறைத்தேன். பூ வருணனை சில இடங்களில் நீள்கிறது, அதற்கு இன்னொரு அரை. மிச்சம் ஒரு மார்க் ஏன் போனது என்று நோட்டில் எழுதவில்லை, இப்போது நினைவும் இல்லை.

என் பிரதி இப்போது கையில் இல்லை. 2018-இல் கொடைக்கானலில் குறிஞ்சி பூத்தபோது பார்க்கப் போன ஒருவர், வழியில் படிக்க வேண்டும் என்று வாங்கிப் போனார். அடுத்த பூ 2030-இல்.

யானை டாக்டர் கதைக்கு ஒன்பது போட்டிருக்கிறீர்கள். நீளமான கதையாயிற்றே?

நீளம்தான். ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பில் இருக்கிறது. டாப்ஸ்லிப்பில் பணியாற்றிய கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியை வைத்து எழுதியது. செத்த யானையின் மேல் நெளியும் புழுவைப் பார்த்து அருவருப்பவனுக்கு, அந்தப் புழுவைக் குழந்தை மாதிரி பார்க்கச் சொல்லித் தருகிறார் டாக்டர். அந்தப் பக்கத்துக்கு அப்புறம் பச்சை இலையில் புழு வந்தால் நான் முகம் சுளிப்பதில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் நிஜம்.

பாட்டில் விஷயம் இன்னும் நெருக்கம். குடித்துவிட்டு எறிந்த பீர் பாட்டில் உடைந்து யானையின் பாதத்தில் ஏறினால் அந்த யானை மெல்ல மெல்லச் சாகும். சீசனில் கோடநாடு ரோட்டோரம் நடந்து பாருங்கள், புல்லுக்குள் கண்ணாடி மினுங்கும். நான் அந்தக் கதையின் பிரதியை ஃபாக்டரி டிரைவர்கள் நாலு பேருக்கு வாசிக்கக் கொடுத்தேன். மூன்று பேர் படித்தார்கள்.

இதே வரிசையில் சா. கந்தசாமியின் 'சாயாவனம்', எட்டரை. காட்டை அழித்துக் கரும்பு ஆலை வைக்க ஒருவன் ஊர் திரும்புகிறான். ஆசிரியர் எங்கேயும் நின்று புலம்ப மாட்டார். மரம் விழும், அடுத்த மரம் விழும், அவ்வளவுதான்.

எரியும் பனிக்காடு வரியில் மார்க்கே இல்லையே, மறந்துவிட்டீர்களா?

மறக்கவில்லை.

பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதியதை இரா. முருகவேள் தமிழாக்கியது. டேனியல் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர். 1920-களில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கருப்பன், வள்ளி என்ற தம்பதி, தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியின் முன்பணத்தையும் பேச்சையும் நம்பி ஆனைமலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். பனி, காய்ச்சல், அட்டை, அடி, தீராத கடன்.

என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1964-இல் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியா வர வேண்டும் என்று முடிவானது. அந்தக் கணக்கில் நாங்களும் ஒரு குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறியபோது நான் கைக்குழந்தை. இப்படி வருகிறவர்களுக்கு வேலை கொடுக்கவென்று அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்திருந்தது. அங்கே விட்ட கூடையை அப்பாவும் அம்மாவும் இங்கே வந்து மாட்டிக்கொண்டார்கள்.

2009 மார்கழியில் அப்பாவுக்கு இடுப்பில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். இராத்திரி சாப்பிட்டபின் இருபது பக்கம் வாசித்துக் காட்டுவேன். புத்தகத்தில் மேஸ்திரி என்று வருகிற இடமெல்லாம் அப்பா "கங்காணி" என்று திருத்துவார். நான் மேஸ்திரி என்றே வாசிக்க, அவர் கங்காணி என்றே சொல்ல, இரண்டாவது வாரத்தில் நானும் கங்காணி என்றே வாசிக்க ஆரம்பித்தேன். காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக் கட்டம் புத்தகத்தில் வந்தபோது, "பெரட்டுக்குத் தப்பு அடிப்பாங்க புள்ள, அந்தச் சத்தம் போடலியா இதுல?" என்று கேட்டார். இல்லை என்றேன். "போட்டிருக்கணும்" என்றார். பகலில் கொழுந்து எடுக்கப் போன அம்மா திரும்பி வந்ததும், கருப்பனுக்கும் வள்ளிக்கும் நேற்று என்ன நடந்தது என்று அப்பா அம்மாவுக்குச் சொல்வார், பக்கத்து லயத்து ஆட்களைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

தோட்டத்தில் காய்ச்சல் பரவிச் சாவு விழுகிற பக்கங்களை வேகமாகத் தாண்டப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டார். "விட்டதப் படி" என்றார். படித்தேன்.

முடித்த அன்று வழக்கம்போல நோட்டை எடுத்தேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். மார்க் என்றேன். "இதுக்கு எதுக்குப் புள்ள மார்க்கு? நடந்ததுதானே." பேனாவை மூடிவிட்டேன். பென்சிலில் எட்டு என்று போட்டிருந்தேன், அதையும் அழித்தேன். தடம் இன்னும் தெரியும், வேண்டுமானால் வந்து பாருங்கள்.

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யும் தோட்டக் கதைதான். வாசவன்பட்டியிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போகும் மருதியின் கதை. அதற்கு ஒன்பது. அதை அப்பாவுக்கு வாசிக்க நேரம் கிடைக்கவில்லை.

ஒரு புத்தகத்துக்கு மூன்றை அடித்துவிட்டு ஒன்பது போட்டிருக்கிறீர்களே?

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்'. நோட்டு தொடங்கின வருடம் படித்தேன், கல்யாணம் ஆகாத வயசு. வேத பாடசாலையில் படித்து முடித்து வீடு திரும்பும் அப்பு, தன் அம்மா அலங்காரத்தம்மாளுக்கு வேறொருவரோடு உறவு இருப்பதைத் தெரிந்துகொள்கிறான். ஓர் அம்மாவை இப்படி எழுதலாமா என்று எனக்குக் கோபம். மூன்று போட்டு, பக்கத்தில் ஆச்சரியக்குறியும் போட்டேன்.

நாற்பத்தைந்து தாண்டியபின் மறுபடி எடுத்தேன். அதற்குள் எனக்கும் ஒரு மகன், வெளியூர் காலேஜிலிருந்து மாதம் ஒருமுறை வருவான், வந்தால் வீட்டை நோட்டம் விடுவான். இந்தத் தடவை நான் அப்பு பக்கம் நிற்கவில்லை, அலங்காரத்தம்மாள் பக்கம் நின்று மகன் படியேறி வருவதைப் பார்த்தேன். புத்தகம் 1966-இல் வந்ததுதான், ஒரு எழுத்து மாறவில்லை. ஃபாக்டரியில் சில நாள் தராசுத் தட்டிலேயே தண்ணீர் நிற்கும், துடைக்காமல் எடை போட்டுவிடுவோம். அந்த மாதிரி ஆகியிருக்கிறது.

குண்டு புத்தகங்களுக்கு மார்க் குறைவாக இருப்பது ஏன்?

குளிர். சிரிக்காதீர்கள். மார்கழி, தையில் இங்கே கம்பளிக்குள் படுத்துத்தான் படிக்க முடியும், புத்தகம் பிடிக்கிற கை மட்டும் வெளியே இருக்கும். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கத்துக்கு மேல். பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை கையை மாற்றி மாற்றிப் பிடித்தேன், விரல் மரத்துப் போயிற்று. மாலிக் கபூர் படையெடுப்பில் தொடங்கி அறுநூறு வருட மதுரை. களவுக்குப் போகும் பகுதிகள் அபாரம், அரச வம்சக் கணக்கு வரும் பகுதிகளில் தூங்கிவிட்டேன். ஏழு. சித்திரையில் படித்திருந்தால் ஏழரை கிடைத்திருக்கலாம்.

பேச்சு வழக்கில் எழுதியதைப் படிக்கவே முடியவில்லை. அதற்கெல்லாம் எப்படி ஒன்பது?

பாமாவின் 'கருக்கு'வைச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1992-இல் வந்தது. முதல் பத்துப் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்கள், கண்ணுக்குத் தடுக்கினது காதுக்குத் தடுக்காது. கருக்கு என்றால் பனை மட்டையின் இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி இருக்கும் பல். கை வைத்தால் கிழிக்கத்தான் செய்யும். "கொச்சையாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுத்த ஒரு அம்மாவிடம், அவர் வீட்டில் பேசுவதும் அப்படித்தான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

மொழிபெயர்ப்பில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

தாராசங்கர் பந்த்யோபாத்யாயின் 'ஆரோக்கிய நிகேதனம்', த.நா. குமாரசாமி தமிழில். நாடி பிடித்துப் பார்த்தே சாவு எப்போது வரும் என்று சொல்லிவிடும் கிழட்டு வைத்தியர் ஜீவன் மஷாய், ஊருக்குப் புதிதாக வந்த, இங்கிலீஷ் வைத்தியம் படித்த டாக்டர். ஒன்பது. வீட்டில் நோயாளி இருக்கும்போது மட்டும் எடுக்க வேண்டாம். அது கனமாகத் தோன்றினால் தகழியின் 'செம்மீன்', சுந்தர ராமசாமி தமிழாக்கியது, எட்டு.

எட்டாவது படிக்கும் பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம்?

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஜீனோ என்கிற இயந்திர நாயைப் பிடிக்காத பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை. எட்டரை. அரை மார்க் பிள்ளைகள் சண்டை போட்டு வாங்கியது.

புத்தகம் எங்கே வாங்குகிறீர்கள்?

ஜூலையில் கோவைப் புத்தகத் திருவிழா. காலை முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, இருட்டுவதற்குள் மலை ஏறிவிடுவேன். ஊட்டியில் 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது. சிவப்புக் கட்டடம், உயரமான ஜன்னல், உள்ளே அமைதி. அது உறுப்பினர்களுக்கானது, அலமாரியும் பெரும்பாலும் ஆங்கிலம். ஒரு தடவை தெரிந்தவரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தமிழுக்கு அரசு நூலகக் கிளைதான்.

இரவல் தருவீர்களா? ஏதாவது நிபந்தனை?

தருவேன். ஒரு தடவைக்கு ஒன்று, ஒரு மாதம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் தருவதில்லை. கோத்தகிரியில் மழை அடிக்கிற மாதங்கள் அவை, போன புத்தகம் பூஞ்சணத்தோடு திரும்பி வரும். எடுத்துப் போகிறவர்கள் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், நாலு விரல் இடைவெளி விடுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பத்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து போடுகிறேன். அந்துருண்டை நாற்றத்தில் எனக்குப் படிக்க ஓடுவதில்லை. வெயில் அடித்த நாளில் நிழல்காய்ச்சலாகத் திண்ணையில் விரித்து வைத்தால் போதும், நேர் வெயிலில் அட்டை வளைந்துவிடும்.

திருப்பிக் கொடுக்கும்போது உங்கள் மார்க்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். பென்சிலில் போதும்.